அண்ணன் பிடித்து வைத்த திர்ஹாம்

என் அண்ணனிடமிருந்து போன் வந்தால் சாப்பிட்டாயா, நல்லாயிருக்கிறாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. "இன்னைக்கு ரேட்டு பாத்தியா?" என்றுதான் ஆரம்பிப்பான். ஷார்ஜாவில் முந்திரி, பாதாம், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்கில் அவனுக்கு வேலை. ரேட் என்றால் ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய் என்பது. எனக்கோ கம்பம் ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிற வேலை. நாளெல்லாம் அந்நியச் செலாவணி என்று தொண்டை வறளக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதுவே என்றால் எரிச்சல் வருமா, வராதா? "நான் நல்லாத்தாண்ணே இருக்கேன், கேட்டதுக்கு ரொம்பச் சந்தோசம்" என்று குத்துவேன். அவன் சிரிப்பான். எதற்கும் உறைக்காத தோல் அவனுக்கு.

அவன் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்து மலையில் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயும்போது இறங்குகிற சனம் ஏராளம். அண்ணன் அந்த மலையில் கொஞ்சம் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏலக்காய் விவசாயம் பார்த்தான். ஏலக்காய்க்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உலர்த்திய காயை உடனே போடிச் சந்தைக்கு விற்க அனுப்பிவிட மாட்டார்கள். விலை சரியில்லை என்று தோன்றினால் மூட்டைகளை வீட்டு உள்ளறையில் அடுக்கி, வெளிச்சம் பட்டால் பச்சை மங்கிவிடும் என்று ஜன்னலை அடைத்துப் பூட்டிவிடுவார்கள். கூலிக்கும் உரத்துக்கும் அந்த மூட்டைகளைக் காட்டியே கடன் வாங்கிக்கொள்வார்கள். விலை ஏறியதும் விற்று, கடனை வட்டியோடு தீர்த்து, மிச்சத்தில் நகையோ நிலமோ வாங்குவார்கள். இதற்குக் காயைப் பிடித்து வைப்பது என்று பேர்.

காய் இருக்கிற அறையில் சாம்பிராணி கூடப் போடக்கூடாது, வாடை ஏறிவிடும். அண்ணனுக்குக் கல்யாணமான வருஷமே அவர்களுக்கென்று இருந்த ஒரே அறையில் மூட்டைகள் குடியேறிவிட்டன. புதுப்பெண் அடுக்களையில் பாய் விரித்துப் படுத்தாள். மதினி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். அதனால்தான் அவளை இப்படி அவள் இவள் என்று எழுதுகிறேன். "உங்க அண்ணனுக்கு நான் ரெண்டாம் தாரம்டி, மூட்டைதான் மூத்தவ" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்க வந்தது.

ஒரே ஒரு வருஷம் அண்ணன் பிடித்து வைக்கவில்லை. மழை சரியில்லை, கடன் கொடுத்தவன் வட்டியை ஏற்றிக்கொண்டே போனான், இவன் பயந்துபோய்க் காயை முன்கூட்டியே விற்றுக் கடனைக் கட்டிவிட்டான். அடுத்த சில வாரங்களில் ஏலக்காய் விலை யாரும் கனவிலும் பார்க்காத உயரத்துக்கு ஏறியது. பக்கத்துத் தோட்டக்காரன் பிடித்து வைத்திருந்த காயை விற்றுக் கார் வாங்கினான். அந்த விலையைப் பார்த்துத் தோட்டத்துச் சொந்தக்காரருக்கும் ஆசை வந்து, குத்தகையை நீட்டிக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அண்ணன் ஒரு சுற்று இளைத்துப்போனான். பார்க்கிற ஆளிடமெல்லாம் ஒன்றே சொன்னான்: "வட்டிக்குப் பயந்தேன் பாரு, அதுதான் என்னைய அழிச்சிருச்சு."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் வேதமாகப் பிடித்துக்கொண்டான். மனுஷனுக்கு ஒரு அடி விழுந்தால் அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டே தீரவேண்டும் என்று யார் சொன்னதோ தெரியவில்லை. சில அடிகளை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவது நல்லது.

தோட்டம் போனபிறகு சுருளிப்பட்டியில், அருவிக்குப் போகிற சாலையைப் பார்த்து ஒரு வீடு கட்டினான். முன்னால் இரண்டு கடை, பின்னால் இவர்கள் இருப்பு. குளிக்க வருகிற கூட்டத்தை நம்பிக் கடை வாடகை வரும், அதிலேயே கடன் அடையும் என்பது கணக்கு. வங்கியில் வீட்டை அடமானமாக வைத்து வாங்கிய கடன். அதன் வட்டி ஒரே அளவாக நிற்காது, நாட்டில் வட்டி ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். வீடு பால் காய்ச்சிக் கொஞ்ச நாளில் நோய்க்காலம் வந்தது, ஊரடங்கு போட்டார்கள். அருவியை அடைத்தார்கள், கடைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். கடன் மட்டும் போகவில்லை. அண்ணன் ஐம்பதை நெருங்கும் வயதில் விமானம் ஏறினான்.

கிளம்புகிற அன்றைக்கு மதினியிடம் என் முன்னால்தான் சொன்னான்: "கடன் அடைஞ்ச அன்னைக்கு நான் இங்கன இருப்பேன். அதுக்கு மேல ஒரு நாள் அங்கன இருக்க மாட்டேன்." அவர்களுக்குப் பிள்ளையில்லை. அந்தப் பெரிய வீட்டில், ஷட்டர் இறக்கிய இரண்டு கடைகளுக்குப் பின்னால், மதினி தனியாக இருந்தாள். அவளுக்குக் கடன் என்பது ரூபாய் இல்லை. புருஷன் வருகிற தேதி. நாமும் அதை அப்படியே நினைத்துக்கொண்டால்தான் இனி நான் சொல்லப்போவது புரியும்.

மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் எவ்வளவோ அதை மட்டும் அனுப்புவான். மிச்சத்தை அனுப்பி அசலைக் குறைத்திருக்கலாம். அனுப்பவில்லை. அங்கேயே ஒரு கணக்கில் போட்டுவைத்தான். திர்ஹாம் விலை ஏறட்டும், மொத்தமாக மாற்றி ஒரே அடியாகக் கடனை அடைக்கிறேன் என்றான். காயைப் பிடித்து வைத்த மாதிரி காசைப் பிடித்து வைத்தான். அவன் மனதில் ஒரு ரேட்டும் வைத்திருந்தான். ஒரு திர்ஹாமுக்கு இத்தனை ரூபாய் வந்தால் விடுவேன், அதற்குக் கீழே விட மாட்டேன் என்று. அந்த எண்ணை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. செய்தித்தாளில் கண்ணில் பட்டாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

பிறகு அமெரிக்காவில் வட்டியை ஏற்றினார்கள். அதனால் சுருளிப்பட்டியில் ஒருத்தியின் புருஷன் வீடு திரும்புவது தள்ளிப்போகும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பாடம் நடத்துகிற நானே முதலில் கவனிக்கவில்லை. ஆனால் விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எங்கே வட்டி கூடக் கிடைக்கிறதோ அங்கே பணம் போகும், இது சீட்டுப் போடுகிற எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவில் வட்டி ஏறியதும் உலகத்துப் பணக்காரர்கள் நம் ஊரில் போட்டிருந்ததை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். ஓடுவதற்கு ரூபாயை விற்று டாலர் வாங்கினார்கள். எல்லாரும் டாலர் கேட்டால் டாலர் விலை ஏறும், ரூபாய் இறங்கும். திர்ஹாமை அந்த ஊர் அரசாங்கம் டாலரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது, அதனால் அதுவும் கூடவே ஏறும். இதுவரை அண்ணனுக்குக் கொண்டாட்டம். "பாத்தியா, ஏறுதா இல்லையா?" என்று பள்ளிக்கூட இடைவேளையில் எல்லாம் போன் போட்டான்.

பாடத்தின் அடுத்த பக்கத்தை அவன் பார்க்கவில்லை. ரூபாய் விழுந்தால் நாம் டாலர் கொடுத்து வாங்குகிற பெட்ரோலிலிருந்து சமையல் எண்ணெய் வரை விலை கூடும். விலை கூடாமல் இருக்கவும், இருக்கிற பணம் ஓடாமல் இருக்கவும் இங்கேயும் வட்டியை ஏற்றுவார்கள். ஏற்றினார்கள். இங்கே வட்டி ஏறினால் அண்ணனுடைய வீட்டுக் கடனுக்கும் ஏறும்.

அது ஏறியது முதலில் யாருக்கும் தெரியவே இல்லை, ஏனென்றால் மாதத் தவணை ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. மதினி ஒரு தவணை தவறியதில்லை என்று அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு. எவ்வளவு அடைந்திருக்கிறது என்று பார்த்துவரலாம் என்று ஒரு நாள் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். நல்ல புடவை உடுத்தி வந்திருந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"வட்டி கூடிருச்சு மேடம். உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு ஈ.எம்.ஐ.-ய ஏத்தல. பீரியடத்தான் கூட்டியிருக்கோம்."

"அப்படின்னா?" என்றாள் மதினி.

"முடியிறதுக்குக் கொஞ்சம் வருசம் கூட ஆகும்."

எத்தனை வருஷம் மிச்சம் என்று நான் கேட்டேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். கடன் வாங்கிய அன்றைக்கு எத்தனை வருஷம் என்று எழுதிக் கொடுத்தார்களோ, அதைவிட இன்றைக்கு மிச்சம் இருப்பது அதிகம். இத்தனை காலம் கட்டியதற்குப் பிறகு. நான் அந்தப் பையனைப் பார்த்துக் கத்தினேன். சிரமம் இருக்கக் கூடாதா, யாருக்குச் சிரமம், ஒரு கடுதாசி போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று என்னென்னவோ கேட்டேன். குறுஞ்செய்தி அனுப்பியதாகச் சொன்னான். அனுப்பித்தான் இருந்தார்கள், ஆங்கிலத்தில். அவன் சட்டப்படி செய்ததில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும், அது கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. மதினி கத்தவில்லை. விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சொன்னாள்: "கடன் முடியிறப்ப உங்க அண்ணனுக்கு எழுபது தாண்டிரும்டி."

அன்றைக்குச் சாயங்காலமே அவனைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, கையில இருக்கிறத இப்பவே அனுப்பிரு. அசல் குறைஞ்சாத்தான் வட்டி குறையும்."

"ஏத்தா, ரேட்டு இப்பத்தான் சூடு பிடிக்குது. இப்பப் போயி விடச் சொல்ற?"

"எதுனால ரேட்டு ஏறுதோ அதுனாலதாண்ணே வட்டியும் ஏறுது. ரெண்டும் ஒரே கயித்துல கட்டுனது. காய் வெல ஏறுனதுனாலயா அன்னைக்கு உன் கடனுக்கு வட்டி ஏறுச்சு? இல்ல. அது வேற, இது வேற."

"வட்டி கால் பர்சன்ட், அரை பர்சன்ட்டுன்னு ஏறும். ரேட்டு ரூவாயா ஏறுது. கணக்குத் தெரியாதவனா நானு?"

"ரேட்டு ஒருக்கா ஏறுனா ஒருக்காத்தான் லாபம். வட்டி வருசா வருசம் திங்கும்."

இதையாவது யோசிப்பான் என்று எனக்கு ஒரு நப்பாசை. அவன் சிரித்தான். "நீ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாத்தா. எனக்கு நடத்தாத. வட்டிக்குப் பயந்து ஒருக்கா அழிஞ்சவன் நான். ரேட்டு வரும், பாரு."

போனைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். சுவரில் எறிந்திருப்பேன், அதற்கும் நான்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

மதினியைப் பேசச் சொன்னேன். அவள் பேசிப் பார்த்தாள். "ஏறட்டும், ஏறட்டும்னே சொல்றாக. நான் என்னத்தச் சொல்றது? அவுக பாத்த யாவாரத்த நானா பாத்தேன்?" என்றாள். அண்ணன் ரேட் ஏறியது என்று சந்தோஷமாகச் சொல்லும்போது அவளும் போனில் சந்தோஷப்படுவாள். போனை வைத்துவிட்டுத் திரும்பவும் விரலை மடக்கி எண்ணுவாள்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அங்கே செலவழிக்கிற ஒவ்வொன்றையும் அவன் ரூபாயில் பெருக்கிப் பார்த்திருக்கிறான். ஒரு டீ குடித்தால் இத்தனை ரூபாய் போச்சு. முடி வெட்டினால் இத்தனை ரூபாய். ரேட் ஏற ஏற அந்தப் பெருக்கலும் ஏறியது. போன் பேச்சில் அவன் பணக்காரனாகிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒரு திர்ஹாமைக்கூடக் கையிலிருந்து விட முடியாத ஏழையாகிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறான். கிடங்கில் போடுகிற கனமான ஷூ கடித்துக் காலில் புண் வந்தது. டாக்டருக்குக் கொடுக்க வேண்டியதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

கூட ஒரே அறையில் தங்கியிருந்த மலையாளிதான் மதினிக்குப் போன் செய்தார். "சேச்சி, அண்ணனோட காலு கறுத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னா வரில்ல. நீங்க ஒண்ணு பறயணும்" என்றார். மதினி அழுது, கத்தி, செத்துப்போவேன் என்று மிரட்டிய பிறகுதான் அவன் போனான். கம்பெனி இன்சூரன்ஸ் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு தடவையில் சரியாகவில்லை, திரும்பவும் உள்ளே கொண்டுபோனார்கள். சம்பளமும் நின்றுபோயிருந்தது. பில்லைத் திர்ஹாமில் போட்டார்கள், திர்ஹாமில் கட்டினான். பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரு ரூபாயாகக்கூட மாறாமல் அங்கேயே தீர்ந்தது.

கொச்சி விமான நிலையத்துக்கு நானும் மதினியும் போயிருந்தோம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கால் பக்கம் போர்வையால் மூடியிருந்தது. அவன் மெலிந்திருந்தான், பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மதினி அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டாள், போர்வைப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. குமுளி மலையிறக்கத்தில் கார் திரும்பும்போதெல்லாம் அவன் இல்லாத காலை ஊன்றப் பார்த்துச் சரிந்தான். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநருக்குத் தெரியாமல் அழுதேன். கடன் அடைந்த அன்றைக்கு வருவேன் என்றவன் கடனோடு வந்து சேர்ந்தான்.

அதன்பிறகு தவணை தவறியது. மதினி நகையை வைத்தாள், பிறகு விற்றாள். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொத்து அறுக்கப் போனாள். அண்ணாந்தபடியே வேலை, சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாமல் வருவாள். என்னால் முடிந்ததை நானும் கொடுத்தேன், அது வட்டிக்கே பற்றவில்லை. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவர்கள் வீட்டை ஏலம் போட்டால் அடிமாட்டு விலைக்குப் போகும், அதற்கு முன்னால் நாமே விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அண்ணன் அதிகம் பேசுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான்.

வீட்டை வாங்க வந்தவன் ஓடைப்பட்டிக்காரன். திராட்சை போடுகிற குடும்பம். துபாயில் வேலை பார்க்கிறான், முப்பத்தைந்து வயது இருக்கும். வாடகைக்கு விடத் தோதான இடம் என்று பார்த்ததும் பிடித்துப்போனது. பேரம் பேச வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை, எங்கள் நிலைமை ஊருக்கே தெரியும். விலை படிந்தது. வங்கிக் கடன் போக, அண்ணனுக்கும் மதினிக்கும் ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிற அளவுக்கு மிஞ்சும். மதினி காபி கொண்டுவந்து வைத்தாள். பணம் எப்போது தருவாய் என்று நான் கேட்டேன்.

"பணம் ரெடியா இருக்கு டீச்சர். போன வாரம்தான் அங்கருந்து மொத்தமா மாத்துனேன்" என்றான் அவன்.

கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அண்ணன் மெல்லத் திரும்பினான். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன ரேட்டுக்குத் தம்பி மாத்துன?"

அந்தப் பையன் சொன்னான். அண்ணன் மனதில் வைத்திருந்த அதே எண். அதற்கு மேலேயே சில காசு.

அண்ணனுடைய முகம் மலர்ந்தது. கொச்சியில் இறங்கிய நாளிலிருந்து அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்ததில்லை. "நல்ல ரேட்டு தம்பி. பொறுத்துப் பிடிச்சு வச்சு மாத்தியிருக்க. கெட்டிக்காரன்" என்றான். வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒரு ஏலக்காய்க்காரன் இன்னொருவனைப் பாராட்டுகிற மாதிரி உண்மையாகவே பாராட்டினான். பையன் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தான். மதினி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அண்ணனுடைய கணக்கை நான் எப்போதோ போட்டுப் பார்த்திருக்கிறேன். கால் போகாமல் இருந்திருந்தாலும், பிடித்து வைத்தது அத்தனையும் அந்த ரேட்டுக்கே மாறியிருந்தாலும், இத்தனை வருஷத்தில் ஏறிய வட்டி அந்த லாபத்தை முழுசாகத் தின்றிருக்கும். மாதாமாதம் கிடைத்த ரேட்டுக்கு அனுப்பியிருந்தால் கடன் பாதிக்கு மேல் கரைந்திருக்கும். எழுந்து நின்று அவன் முகத்துக்கு நேராக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"என்னமோ பாடம் நடத்துனியே ஆத்தா. பாத்தியா, நான் சொன்ன ரேட்டு வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சுண்ணே" என்றேன்.